உப்பு, வெல்லம், தண்ணீர்: மக்கள் நல்வாழ்வை வாசலுக்குக் கொண்டுசென்ற தன்னார்வ அமைப்புகள்

வயிற்றுப்போக்கால் உடல் நீரிழந்து குழந்தைகள் இறப்பதைத் தடுக்கும் எளிய வழி 1968ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால், வங்கதேசத்தின் கிராமத்துத் தாய்மார்கள் அனைவரையும் அது சென்றடைய மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியைப் பெருமளவு கடந்தவர்கள், வீடுவீடாக நடந்து சென்ற ஒரு தன்னார்வ அமைப்பின் பெண் பணியாளர்கள்.

மருத்துவ அறிவு ஒருபுறம் இருக்க, அது தேவைப்படுவோர் மறுபுறம் இருப்பது பொதுச் சுகாதாரத்தின் பழைய சிக்கல். தொண்டு நிறுவனங்கள், நோயாளர் இயக்கங்கள், ஊர்க்குழுக்கள் போன்ற குடிமைச் சமூக அமைப்புகள் உலகெங்கும் இந்த இடைவெளியில்தான் பணியாற்றி வருகின்றன. அவை சிறிய அளவில் சோதித்துக் காட்டிய முறைகள் பலவற்றைப் பின்னர் அரசுகள் ஏற்றுக்கொண்டன.

முகாமில் கிடைத்த சான்று

காலரா நோயாளியின் குடலால் தண்ணீரை மட்டும் உறிஞ்ச இயலாது. அதனுடன் உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் சேர்ந்தால், சர்க்கரை உப்பை உள்ளே இழுக்க, உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இந்தக் கரைசலைக் குடிக்கச் செய்தே காலரா நோயாளிகளைக் காப்பாற்ற முடியும் என்பதை, டாக்காவில் பணியாற்றிய டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் ஆகிய மருத்துவர்கள் 1968இல் நிறுவினர்.

ஆயினும், பயிற்சி பெற்ற மருத்துவர்களின் கண்காணிப்பு இல்லாமல் இது பலன் தருமா என்ற ஐயம் நீடித்தது. 1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் பகுதிக்கு அகதிகள் திரண்டு வந்தனர். அங்குக் காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் உப்புநீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றைப் பொட்டலங்களாகக் கட்டி வரவழைத்தார். கரைசலை நோயாளிகளுக்குப் புகட்டியவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய உறவினர்களே. 30 விழுக்காடாக இருந்த இறப்பு விகிதம், கரைசல் அளிக்கப்பட்டவர்களிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. மகலனாபிஸ் 2022இல் மறைந்தார். 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

வீடுவீடாக ஒரு பாடம்

ஃபஸ்லே ஹசன் ஆபேத் 1972இல் வங்கதேசத்தில் தொடங்கிய பிராக் அமைப்பு, போருக்குப் பின் ஊர் திரும்பிய அகதிகளின் மறுவாழ்வுக்காக உருவானது. 1980ஆம் ஆண்டு அது, வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டே கரைசல் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்றுத் தரும் பணியை நாடு தழுவிய அளவில் தொடங்கியது. பொட்டலங்களைத் தயாரித்து எல்லாக் கிராமங்களுக்கும் அனுப்ப அப்போது வழியில்லை. ஆகவே, மூன்று விரல் நுனியால் கிள்ளி எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என அளவு வகுக்கப்பட்டது.

இதில் ஆபத்தும் இருந்தது. உப்பு மிகுந்தால் கரைசலே குழந்தைக்குத் தீங்காகும். எனவே, பெண் பணியாளர் ஒவ்வொரு வீட்டிலும் அமர்ந்து சொல்லிக் கொடுத்து, தாயின் கையாலேயே கலக்கச் செய்து பார்த்த பிறகே அடுத்த வீட்டுக்குச் சென்றார். சில வாரங்கள் கழித்து வேறொரு குழு சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, தாய்க்குப் பாடம் எவ்வளவு நினைவில் இருக்கிறது, கரைசலைச் சரியாகக் கலக்கிறாரா என்று சோதித்தது. அந்த மதிப்பீட்டின்படியே பணியாளருக்கு ஊதியம் வழங்கப்பட்டது. எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்பதைவிட, சென்ற வீட்டில் எவ்வளவு பதிந்தது என்பதற்கே கூலி. பல அரசுத் திட்டங்களின் அறிக்கைகளில் இன்றும் முதல் கணக்குதான் இடம்பெறுகிறது என்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவு செய்தும் தொடக்கத்தில் முடிவு ஏமாற்றமளித்தது. தாய்மார்களுக்குப் பாடம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டபோது அவர்களில் மிகச் சிலரே கரைசலைக் கொடுத்தனர். காரணத்தை ஆராய்ந்தபோது இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. சொல்லிக் கொடுத்த பணியாளர்களில் பலருக்கே கரைசல்மீது நம்பிக்கையில்லை. தமக்கு நோய் வந்தால் மாத்திரையையே நாடினர். வீட்டு ஆண்களிடமோ இதுபற்றி யாரும் பேசவே இல்லை. அதன்பின் பணியாளர்களுக்குக் கரைசல் எவ்வாறு செயல்படுகிறது என்பது நேரில் விளக்கப்பட்டது. சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களிடம் பேசினர். பயன்பாடு படிப்படியாக உயர்ந்தது. 1990க்குள் 1.2 கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு இந்தப் பாடம் சென்றுசேர்ந்திருந்தது. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசலைப் பயன்படுத்துவதில் வங்கதேசம் இன்று உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று.

ஊர்ப் பெண்ணே மருத்துவப் பணியாளர்

இந்தியாவில் இதற்குச் சற்று முன்பே மற்றொரு முயற்சி தொடங்கியிருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதியர், மகாராஷ்டிரத்தின் வறட்சி மிகுந்த ஜாம்கேட் வட்டாரத்தில் 1970இல் தங்கள் பணியைத் தொடங்கினர். கிராமங்களுக்குச் செவிலியரை அனுப்பும் முயற்சி கைகூடவில்லை. வெளியிலிருந்து வந்தவர்களை ஊர் மக்கள் ஏற்கவில்லை. ஊரிலேயே வாழும் பெண் ஒருவருக்குப் பயிற்சி அளிக்கலாமே என்ற யோசனை அதன் பிறகே எழுந்தது.

தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தலித் பெண்கள் பலர். வாரந்தோறும் ஜாம்கேட்டில் கூடி, சாதி வேறுபாடின்றி உடன் உண்டு, உடன் தங்கி அவர்கள் பயிற்சி பெற்றனர். குடிநீர்க் குழாய்களைத் தலித் குடியிருப்புகளில் அமைத்ததால் ஊரின் மற்றவர்களும் அங்கு வந்து நீர் எடுக்க நேர்ந்தது. தீண்டாமை நிலவும் ஊரில் மருத்துவம் மட்டும் தனித்து நடக்க இயலாது என்பதை அவ்வமைப்பு விரைவில் உணர்ந்துகொண்டது. உலக சுகாதார அமைப்பு 1975இல் வெளியிட்ட ஒரு நூலில் ஜாம்கேட் அனுபவம் இடம்பெற்றது. 1978 செப்டம்பரில் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா-அட்டா நகரில் கூடிய நாடுகள், ஆரம்ப சுகாதாரச் சேவையைத் திட்டமிடுவதில் மக்கள் பங்கேற்பது அவர்களின் உரிமையும் கடமையும் என அறிவித்தன.

அதே மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் ஆகியோர் நிறுவிய சர்ச் அமைப்பு, இம்முறையை ஆய்வுக் கண்ணோடு அணுகியது. பச்சிளங்குழந்தைகளின் இறப்பைக் குறைக்க 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பிறந்த குழந்தையின் எடையையும் உடல் வெப்பத்தையும் பார்ப்பது, மூச்சுத்திணறலைக் கண்டறிவது முதல் நோய்த்தொற்றுக்கு ஊசி போடுவது வரை அவர்கள் செய்தனர். எண்ணத் தெரியாதவரும் மணிகளை நகர்த்திக் குழந்தையின் மூச்சைக் கணக்கிட ஒரு மணிச்சட்டமும் உருவாக்கப்பட்டது. மருத்துவர் அல்லாதவர் ஊசி போடுவதா என்ற எதிர்ப்பு எழாமல் இல்லை. ஆனால், மூன்றாம் ஆண்டில் ஒப்பீட்டுக் கிராமங்களைவிட இங்கு பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்திருந்தது. 1999இல் லான்செட் மருத்துவ இதழ் இந்த முடிவுகளை வெளியிட்டது. 2011இல் மத்திய அரசு, வீட்டிலேயே பச்சிளங்குழந்தைகளைப் பராமரிக்கும் திட்டத்தை ஆஷா பணியாளர்கள் வழியே நாடு முழுவதும் கொண்டுவந்தது.

நீதிமன்றம் சென்ற நோயாளிகள்

எல்லா அமைப்புகளும் அரசுடன் இணைந்தே இயங்குவதில்லை. தென்னாப்பிரிக்காவில் சாக்கி அக்மத் உள்ளிட்டோர் 1998 டிசம்பர் 10 அன்று சிகிச்சைக்கான செயல் இயக்கத்தைத் தொடங்கியபோது, எச்.ஐ.வி. மருந்துகள் ஏழைகளுக்கு எட்டாக் கனியாக இருந்தன. மருந்து பொது மருத்துவமனைகளில் எல்லோருக்கும் கிடைக்கும்வரை தாமும் அதை உட்கொள்வதில்லை என எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்ந்த அக்மத் அறிவித்தார்.

தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவதைத் தடுக்கும் நெவிரபின் மருந்தை அதன் தயாரிப்பு நிறுவனம் இலவசமாகத் தர முன்வந்தும், அரசு மாகாணத்துக்கு இரண்டு வீதம் 18 இடங்களில் மட்டுமே அதை அனுமதித்தது. இயக்கம் வழக்குத் தொடுத்தது. அந்தக் கட்டுப்பாட்டை நீக்குமாறு அரசியல் சாசன நீதிமன்றம் 2002 ஜூலை 5 அன்று உத்தரவிட்டது. மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பதை நோயாளிகளே தெருத்தெருவாக மக்களுக்கு விளக்கியதும் இவ்வியக்கத்தின் பணியே. வழக்கைவிட அதுவே நீண்ட காலம் பயன் தந்தது எனலாம். பொதுத்துறை வழியே மருந்து வழங்க 2003இல் அரசு முடிவெடுத்தது. தாமதத்தால் 3,30,000க்கும் அதிகமான உயிர்கள் பறிபோயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டனர்.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவான மூன்று மருந்துகளின் கூட்டை, 350 டாலருக்குத் தர மும்பையைச் சேர்ந்த சிப்லா நிறுவனம் 2001இல் முன்வந்தது.

கூலி யார் தருவது?

தன்னார்வ அமைப்புகளின் பணத்துக்குப் பெரும்பாலும் நிரந்தர ஊற்று இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது, தென்னாப்பிரிக்காவில் அந்த நிதியில் இயங்கிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்கள் சில மூடப்பட்டன. கேரளம் வேறு வழியைக் காட்டியது. கோழிக்கோட்டில் 1993இல் சில மருத்துவர்களும் தன்னார்வலர்களும் தொடங்கிய வலி தணிப்புச் சேவை, ஊர்தோறும் மக்களின் சிறு நன்கொடைகளால் வளர்ந்தது. 2008இல் மாநில அரசு அதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. படுக்கையில் இருக்கும் நோயாளிகளை வீட்டிலேயே கவனிக்கும் பொறுப்பு உள்ளாட்சிகளிடமும் வந்துசேர்ந்தது.

அரசு ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் உருவான ஆஷா பணியாளர்கள் இன்று ஏறத்தாழ 10 லட்சம் பேர். உலக சுகாதார அமைப்பு 2022இல் அவர்களுக்கு உலகளாவிய சுகாதாரத் தலைவர்கள் விருது வழங்கியது. ஆயினும், அவர்கள் ஆவணங்களில் ஊழியர்கள் அல்லர், ‘தன்னார்வலர்கள்’. பெறுவது ஊதியமன்று; ஊக்கத்தொகையும் மதிப்பூதியமும். ஜாம்கேட்டில் சில நூறு வீடுகளைக் கவனித்த ஊர்ப் பெண்ணுக்குப் பொருந்திய அந்தப் பெயர், தடுப்பூசி, மகப்பேறு, காசநோய், கணக்கெடுப்பு என நாள் முழுவதும் உழைப்பவருக்கும் பொருந்துமா என்பதே தொழிற்சங்கங்கள் எழுப்பும் வினா. மாதம் 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 21,000 ரூபாயாக உயர்த்தக் கோரி, 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷா பணியாளர்கள் தொடங்கிய போராட்டம் பல மாதங்கள் நீடித்தது.