வில்லை முறிக்கவில்லை, கதையை மாற்றினார்!

தந்தையின் பெயர் சுடலைமுத்து. தாயின் பெயர் இசக்கியம்மாள். தென்குமரி மண்ணில் பிறந்தோர்க்கு இவ்விரு பெயர்களையும் விளக்க வேண்டியதில்லை. சுடலைமாடனும் இசக்கியும் கொடை விழாக்களிலே விடிய விடிய வில்லிசைத்துப் பாடப்படும் தெய்வங்கள். அத்தெய்வங்களின் பெயரைத் தாங்கிய எளிய பெற்றோருக்கு, நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், 1908-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் பிறந்த மகன், அதே வில்லைக் கையில் எடுத்தார். கதையை மட்டும் மாற்றினார். அவர்தாம் நாடு 'கலைவாணர்' எனக் கொண்டாடிய என்.எஸ். கிருஷ்ணன்.

அவருக்குக் கல்லூரி இல்லை. உயர்நிலைப் பள்ளியும் இல்லை. வறுமை, நான்காம் வகுப்போடு ஏட்டைப் பறித்துக்கொண்டது. பந்தாட்ட மட்டைக்கு நரம்பு கட்டும் வேலைக்குச் சென்றார். நாடகக் கொட்டகையிலே சோடா விற்றார். விற்கப் போன இடத்தில் மேடையைக் கண்டார். மேடை அவரை ஈர்த்துக்கொண்டது. டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு அவருக்குப் பாடவும் நடிக்கவும் கற்றுத் தந்தது. ஆனால் அந்தக் குழுவுக்கு முன்னரே அவருக்குப் பாடம் சொன்ன பள்ளி ஒன்று உண்டு. அதுதான் வில்லுப்பாட்டு.

அந்தக் கலையின் அமைப்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நீண்ட வில், அதன் நாணின் கீழ் ஆடும் மணிகள், வில்லோடு இணைந்த குடம், பக்கத்தில் உடுக்கும் தாளமும். நடுவே அமர்ந்தவர் வீசுகோலால் நாணைத் தட்டிக் கதை தொடுப்பார். பக்கத்தில் இருப்போர் "ஆமாம்" என்பர், ஐயம் கேட்பர், கேலி பேசுவர், அடியை வாங்கிப் பாடுவர். புரியாத மொழிக்கு அங்கே இடமில்லை. ஏர் உழுபவனுக்கும் களை பறிப்பவளுக்கும் விளங்காத பாட்டை அந்த வில் ஏற்காது. இத்தனை ஆற்றல் மிகுந்த கருவி, எதற்குப் பயன்பட்டது? பேய்க்கும் பலிக்கும், சாபத்துக்கும் சன்னதத்துக்கும்!

பகுத்தறிவு பேச வந்தவர், வில்லையே முறித்துப் போட்டிருக்கலாம். கலைவாணர் முறிக்கவில்லை. "ஆமாம்" போட்ட பக்கப்பாட்டுக்காரரை "ஏன்?" என்று கேட்கச் செய்தார். காந்தியார் வரலாற்றை வில்லிலே பாடினார். நெல்லைச் சீமையில் கண்டெடுத்த இளைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துச் சென்று ஊக்கினார். அந்த இளைஞர் பின்னாளில் வில்லிசையையே வாழ்வாகக் கொண்டு, 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்படும் அளவுக்கு உயர்ந்தார்.

1936-இல் 'சதி லீலாவதி' வெளிவந்தது. அதன் பிறகு வெள்ளித்திரையிலும் இதே முறைதான். கேள்வி கேட்பவர் ஒருவர், விடை சொல்பவர் ஒருவர். அவரும் அவருடைய வாழ்க்கைத் துணைவியார் டி.ஏ. மதுரமும் தொடுத்த நகைச்சுவைப் பாட்டுகள், மூடநம்பிக்கையைக் குத்தின, குடியைச் சாடின, விஞ்ஞானத்தை வரவேற்றன. உடுமலை நாராயணகவியின் எழுதுகோல் அவருக்குத் துணை நின்றது. கவிஞரின் சொல், கலைவாணரின் குரலில் ஏறியபோது, கொட்டகை சிரித்தது. சிரித்தவன் வீடு திரும்பும்போது சிந்தித்தான்.

அவருடைய பாட்டுப் பணியின் சிகரம் எதுவென்று கேட்டால், 'கிந்தனார்' என்பேன். நந்தனார் கதை நாடறிந்தது. கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கீர்த்தனைகளாக்கினார். 1935-லும் 1942-லும் அது திரைப்படமாயிற்று. சேரியில் பிறந்த நந்தன், தில்லையைக் காண ஏங்குகிறான். தீயிலே மூழ்கித்தான் 'தூய்மை' பெறுகிறான். கலைவாணர் அதே காலட்சேப மேடையை எடுத்துக்கொண்டார். அவருடைய கிந்தனும் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவனே. அவனுக்கும் ஏக்கம் உண்டு. ஆனால் அவன் ஏங்குவது கோயிலுக்கன்று, கல்விக்கு! அவன் செல்வது தில்லைக்கன்று, சென்னைக்கு! அவன் தீயில் இறங்கவில்லை, ரயிலில் ஏறுகிறான். கற்றுத் தேர்ந்து, பள்ளிகளை ஆய்வு செய்யும் அதிகாரியாகத் திரும்புகிறான். 1936 நவம்பரில்தான் திருவிதாங்கூர் அரசு ஒடுக்கப்பட்டோர்க்குக் கோயில் கதவைத் திறந்து பிரகடனம் செய்தது. அந்தச் சீமையில் பிறந்த கலைஞர், 1949-இல் அறிஞர் அண்ணாவின் எழுத்தில் உருவான 'நல்லதம்பி' படத்திலே, திறக்கப்பட வேண்டிய அடுத்த கதவு எதுவென்று கிந்தனைக் கொண்டு காட்டினார்.

இடையிலே இடி விழுந்தது. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் கொலையுண்டார். அவ்வழக்கில் தியாகராஜ பாகவதரோடு கலைவாணரும் கைதானார். 1945 மே திங்களில் ஆயுள் தண்டனை பெற்றார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று திரும்பியது. 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. சிறையிலே கழிந்தவை ஏறத்தாழ முப்பது திங்கள். அக்காலத்தில் குழுவைக் கலையாமல் காத்தவர் மதுரம் அம்மையார். வெளிவந்தவர் கசப்பைப் பாடவில்லை. 'நல்லதம்பி' வந்தது, 1951-இல் 'மணமகள்', 1952-இல் 'பணம்' ஆகிய படங்களைத் தாமே இயக்கினார்.

பழைய வடிவத்தில் புதிய பொருளைக் குடியேற்றுவது நம் மண்ணுக்குப் புதிதன்று. நான் வாழும் விளவங்கோட்டுச் சிதறாலில் திருச்சாரணத்து மலை இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, பார்சுவநாதரும் மகாவீரரும் அதன் பாறையிலே செதுக்குருவங்களாக நிற்கின்றனர். சமணர் தவமும் கல்வியும் வளர்த்த அம்மலை, பின்னாளில் பகவதி கோயிலாயிற்று. பாறை மாறவில்லை, வழிபாடு மாறியது. வைதிகம் கல்லிலே செய்ததைக் கலைவாணர் சொல்லிலே செய்தார். ஒரு வேறுபாடு உண்டு. அவர் எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. எளியவனின் வில்லை எளியவனுக்கே திருப்பித் தந்தார்.

கடல் கடந்தும் இதற்குச் சான்று உண்டு. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் வியோலெட்டா பார்ரா என்ற பெண்மணி, 1950-களில் ஊர் ஊராகச் சென்று உழவர் பாட்டுகளைத் திரட்டினார். அதே மெட்டு மரபில் ஏழையின் துயரையும் பாடினார். அவர் வழியில் வந்த விக்தோர் ஹாராவை 1973-இல் இராணுவ ஆட்சி கொன்றது. நாட்டுப்பாட்டு வெறும் பொழுதுபோக்கு என்றால், துப்பாக்கி அதைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்?

தோழர்களே! 1956 நவம்பர் முதல் நாள் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. பத்தே திங்களில், 1957 ஆகஸ்டு 30 அன்று, 48 வயதிலே கலைவாணர் மறைந்தார். ஈட்டியதையெல்லாம் இல்லாதோர்க்கு ஈந்தவர் அவர். 1969 பொங்கல் நாளில், நோயுற்றிருந்த நிலையிலும் அண்ணா சென்னையில் நடந்த அவரது சிலை திறப்பு விழாவில் கலந்துகொண்டார்.

சிலைக்கு மாலையிடுவது எளிது. வில்லை எடுப்பதுதான் கடினம். நம்மவருள் சிலர், கொடை மேடையில் ஒலிப்பதாலேயே வில்லுப்பாட்டை மூடநம்பிக்கை என ஒதுக்குகின்றனர். வேறு சிலர், பழமை என்று போற்றிக் காட்சிப் பொருளாக்க முனைகின்றனர். இருவர் கையிலும் அது மடியும். சாதி மீறி மணந்த பிள்ளைகளைப் பெற்றோரே கொல்லும் கொடுமை இன்றும் நிகழ்கிறது. வரதட்சணை இன்றும் வாழ்கிறது. இவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறோம், கருத்தரங்கம் கூட்டுகிறோம். கேட்க வேண்டியவர்கள் அங்கே வருவதில்லை.

அவர்கள் இருக்கும் இடம் கொடைப் பந்தல். முதிய வில்லிசைக் கலைஞர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். இளைஞர்களே, அவர்களிடம் சென்று அமருங்கள், வீசுகோல் பிடிக்கப் பழகுங்கள், மெட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஊரின் கிந்தன் கதையை நீங்களே எழுதிப் பாடுங்கள்!