கல்வின் வட்டத்தில் விடுபட்ட பெயர்கள்

இலை எப்படிச் சீனி ஆக்குகிறது என்று உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்டால், "கல்வின் வட்டம்" என்று உடனே சொல்வார்கள். பரீட்சைக்கு அந்த விடை போதும். ஆனால் அந்த வட்டம் ஒருவர் தனியே கண்டுபிடித்ததல்ல. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நாம் உண்ணும் சோற்றிலும், தேநீரில் போடும் சீனியிலும், கடல் மீனிலும் உள்ள காபன் ஒரு காலத்தில் காற்றிலோ நீரிலோ காபனீரொட்சைட்டாக இருந்ததுதான். தாவரங்களும் அல்காக்களும் சூரிய ஒளியைக் கொண்டு அதைச் சீனியாக்குகின்றன என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். தெரியாமல் இருந்தது இடைவழி. ஒரு கலத்துக்குள் ஏற்கனவே எண்ணற்ற காபன் அணுக்கள் இருக்கின்றன. இப்போது புதிதாக நுழைந்த காபன் எது என்று எப்படி இனங்காண்பது?

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பெர்க்லி நகரில், சாம் ரூபன், மார்ட்டின் கேமன் என்ற இரு இளம் இரசாயனவியலாளர்கள் இதற்கு வழி தேடினார்கள். கதிர் வீசும் காபன் கிடைத்தால் அது போகும் இடமெல்லாம் பின்தொடரலாம். முதலில் அவர்களிடம் இருந்தது காபன்-11. அது 20 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். பரிசோதனையை ஓட்டமும் நடையுமாகத்தான் செய்ய வேண்டும். 1940 பெப்ரவரியில் அவர்கள் காபன்-14ஐக் கண்டுபிடித்தார்கள். அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் எடுக்கும்.

ஆனால் விளைச்சலை அறுக்க இருவருக்கும் கொடுத்து வைக்கவில்லை. யுத்தம் வந்தது. நச்சுவாயு பற்றிய யுத்தகால ஆய்வில் ஈடுபட்டிருந்த ரூபன், 1943இல் பொஸ்ஜீன் வாயு தாக்கி 29 வயதில் இறந்துபோனார். கேமன் இரகசியங்களைக் கசியவிட்டார் என்ற சந்தேகத்தில் 1944இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தன் பெயரைச் சுத்தப்படுத்த அவருக்குப் பல வருடங்கள் சென்றன.

யுத்தம் முடிந்தபின் அதே பெர்க்லியில் மெல்வின் கல்வின் ஓர் ஆய்வுக்குழுவை அமைத்தார். ரூபனுடனும் கேமனுடனும் முன்பு வேலை செய்த அன்ட்ரூ பென்சன், 1946இல் ஒளித்தொகுப்பு ஆய்வுகூடத்தைப் பொறுப்பெடுத்தார். ஜேம்ஸ் பாசம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

அவர்கள் எடுத்துக்கொண்டது மரத்தையோ செடியையோ அல்ல. குளத்து நீரைப் பச்சையாக்கும் வகையைச் சேர்ந்த ஒரு கல அல்காக்களை. குளோரெல்லா அவற்றில் ஒன்று. எல்லாக் கலங்களும் ஒரே மாதிரி இருக்கும், சீராக வெளிச்சம் படும், நினைத்த கணத்தில் தொழிற்பாட்டை நிறுத்தலாம். லொலிபொப் போலத் தட்டையான, வட்டமான கண்ணாடிப் பாத்திரத்தில் அல்காக்களை விட்டு, இருபுறமும் விளக்கு எரித்து, காபன்-14ஐச் செலுத்துவார்கள். சில செக்கன்களில் அடிக்குழாயைத் திறந்து கொதிக்கும் அற்ககோலுக்குள் விழுத்துவார்கள். எல்லாம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

பிறகு அந்தச் சாற்றில் ஒரு துளியை வடிதாளில் வைத்து, கரைப்பான்களை ஊறவிட்டுப் பதார்த்தங்களைப் பிரிப்பார்கள். அதன்மேல் எக்ஸ்-கதிர்ப் படச்சுருளை வைத்தால், காபன்-14 உள்ள இடமெல்லாம் கறுப்புப் புள்ளி விழும். ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பதார்த்தம் என்று கண்டுபிடிப்பதற்கு வருடங்கள் தேவைப்பட்டன.

நேரத்தைக் குறைக்கக் குறைக்கப் புள்ளிகளும் குறைந்தன. ஐந்து செக்கனில் பெரும்பகுதி ஒரே பதார்த்தம்: மூன்று காபன் கொண்ட பொஸ்போகிளிசரிக் அமிலம். அப்படியானால் காபனீரொட்சைட்டை ஏற்பது இரண்டு காபன் பதார்த்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்துத் தேடினார்கள். அப்படி ஒன்று அகப்படவில்லை. உண்மையில் ஏற்பது ஐந்து காபன் கொண்ட ரிபியுலோசு இருபொசுபேற்று. ஐந்தும் ஒன்றும் ஆறாகி, உடனே மூன்று மூன்றாகப் பிளக்கிறது. அந்தப் புள்ளிகளுக்குள் ரிபியுலோசை அடையாளம் கண்டவர் பென்சன்.

இது ஏன் வட்டம்? வெள்ளாமை செய்பவர்களுக்கு எளிதாக விளங்கும். மூன்று காபனீரொட்சைட்டு உள்ளே வந்தால், மூன்று காபன் கொண்ட துண்டுகள் ஆறு விளைகின்றன. அவற்றில் ஐந்து விதை நெல்லாகத் திரும்பிப் போய், மீண்டும் ரிபியுலோசு ஆகின்றன. வீட்டுக்கு வருவது ஒரு மூடைதான். அந்த ஒன்றிலிருந்துதான் சீனியும் மாப்பொருளும் உண்டாகின்றன. உலகமே சாப்பிடுகிறது. அல்காவில் கண்ட இதே வட்டம்தான் நெல் வயலிலும், தென்னையிலும், கடலின் சயனோபற்றீரியாவிலும் சுழல்கிறது.

1954இல் பாசம், பென்சன், கல்வின் ஆகியோரின் பெயர்களோடு முழு வட்டமும் வெளியானது. அக்காலத்திலேயே பென்சன் அந்த ஆய்வுகூடத்தை விட்டுப் போக வேண்டியதாயிற்று. 1961இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது, கல்வினுக்கு மட்டும். ஒரு பரிசை மூவர் வரை பகிர இடமுண்டு. 1992இல் வெளிவந்த கல்வினின் சுயசரிதையிலும் பென்சனின் பெயர் இல்லை. பென்சன் 97 வயது வரை வாழ்ந்து 2015இல் காலமானார்.

கல்வினின் பங்கை நாம் குறைத்துச் சொல்லவில்லை. குழுவைத் திரட்டியதும், வழிநடத்தியதும், விடாமல் கேள்வி கேட்டதும் அவர்தான். ஆனால் வடிதாளுக்கு முன்னால் வருடக்கணக்கில் நின்றவரின் பெயர் பாடப்புத்தகத்துக்கு வந்து சேரவில்லை. நம் ஊரிலும் இது புதிதல்ல. கட்டடத்தின் கல்வெட்டில் ஒரு பெயர்தான் இருக்கும். கல் சுமந்தவர்களை யாரும் எழுதுவதில்லை.

இப்போது பல நூல்கள் இதைக் கல்வின்-பென்சன்-பாசம் வட்டம் என்றே எழுதுகின்றன. பிள்ளைகள் பரீட்சையில் பாடத்திட்டப்படியே எழுதட்டும். ஆனால் கரும்பலகையில் நாம் எழுதும்போது மூன்று பெயர்களையும் எழுதுவோம். ரூபன், கேமன் கதையையும் இரண்டு நிமிடம் சொல்வோம். பாடத்தோடு அதைச் செய்தவர்களின் பெயரையும் சேர்த்துக் கொடுப்பது நம் கையில் உள்ள அமானிதம்.