கரும்பலகையில் பிறந்த கணக்கு

நம் பி.காம். வகுப்பில் வரவு செலவு மதிப்பீடு போட்டதை நண்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விற்பனையில் ஒரு எண்ணைத் தப்பா எழுதிட்டா, லாபம் வரைக்கும் அத்தனையும் ரப்பர் வச்சு அழிக்கணும். இந்தத் தொல்லை ஹார்வர்டு வணிகப் பள்ளியிலும் இருந்திருக்கிறது!

1978-ல் அங்கே எம்.பி.ஏ. படித்த டான் பிரிக்ளின், பேராசிரியர் கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் அழித்து அழித்து எழுதுவதைப் பார்த்தார். ஒன்றை மாற்றினால் மீதியும் தானாக மாறாதா? ஆப்பிள் கம்ப்யூட்டரில் 5 பத்தி, 20 வரியுள்ள ஒரு மாதிரி செய்தார். நண்பர் பாப் பிராங்ஸ்டன் முழு புரோகிராமையும் எழுத, 1979-ல் ‘விசிகால்க்’ விற்பனைக்கு வந்தது. அதன் வழியில்தான் 1983-ல் லோட்டஸ் 1-2-3, 1985-ல் எக்ஸெல்.

எனக்குப் பிடித்தது நடுவில் நடந்த சங்கதி. கடைக்கு வரும் முன்பே, பெப்சி பற்றிய வகுப்புப் பாடத்துக்கு அதிலேயே கணக்குப் போட்டிருக்கிறார் பிரிக்ளின். ‘இப்படி ஆனால்? அப்படி ஆனால்?’ என்று மாற்றி மாற்றி!

நானும் சில வருடம் பாடம் எடுத்தவன். முதல் வருடம் சூத்திரமெல்லாம் போட்டுத் தயாரான எக்ஸெல் தாளையே கொடுத்தேன். வட்டியை மாற்றச் சொன்னால் பிள்ளைகள் முழித்தார்கள். மறு வருடம் வெறும் தாள்தான். பக்கத்துப் பெட்டிக்கடை வரவு செலவை அவங்களே கேட்டு வந்து போட்டாங்க. கடைக்காரர் எங்கே கடன் வாங்குறார்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சது.