நியூ லானர்க்: ஆலைக்காகத் திட்டமிடப்பட்ட ஸ்காட்லாந்துச் சிற்றூர்

நியூ லானர்க் என்பது ஸ்காட்லாந்தின் தென்பகுதியில், கிளைடு ஆற்றங்கரையில் அமைந்துள்ள சிற்றூர் ஆகும். கிளாஸ்கோ வணிகர் டேவிட் டேல், நூற்பு இயந்திரத்தால் புகழ்பெற்ற ரிச்சர்டு ஆர்க்ரைட்டுடன் சேர்ந்து 1785-இல் இதற்கு அடித்தளமிட்டார். மறு ஆண்டே பருத்தி நூற்பு தொடங்கியது.

ஊரின் அமைப்பு

ஊரின் அமைப்பைத் தீர்மானித்தது தண்ணீர். அருகிலுள்ள அருவிகளுக்குக் கீழே ஆற்று நீரைத் திருப்பி, பாறையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கால்வாயில் விட்டனர். அந்நீரே ஆலைச் சக்கரங்களைச் சுழற்றியது. ஆற்றை ஒட்டி ஆலைகளும், கால்வாய்க்கு அப்பால் மேட்டில் பல மாடித் தொழிலாளர் குடியிருப்புகளும் வரிசையாக எழுந்தன. வடக்கு மேட்டுநிலத்திலிருந்து வந்த மக்களின் நினைவாக ஒரு வரிசை 'கெயித்னஸ் வரிசை' எனப்படுகிறது. நடுவே மணிக்கூண்டுடன் கூடிய கட்டடம் உள்ளது.

சிறுவர் உழைப்பும் கல்வியும்

டேல் காலத்தில் நூற்றுக்கணக்கான ஆதரவற்ற சிறுவர்கள் ஆலையில் வேலை செய்தனர். உணவும் உடையும் தங்குமிடமும் கிடைத்தன. ஆனால் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை உழைத்த பின்னரே அவர்களுக்கு இரவுப் பள்ளி. களைத்த குழந்தையின் மனத்தில் பாடம் எப்படிப் பதியும்?

1800-இல் நிர்வாகத்தை ஏற்ற டேலின் மருமகன் ராபர்ட் ஓவன் இக்குறையை உணர்ந்தார். பத்து வயதுக்குட்பட்டோரை ஆலைக்கு அனுப்புவதை நிறுத்தினார். வேலை நேரத்தையும் குறைத்தார். 1816-இல் திறக்கப்பட்ட கல்விக்கூடத்தில் மழலையருக்கும் இடமிருந்தது. அடி கிடையாது, ஆடலும் பாடலும் படங்களும் உண்டு. பெரியவர்களுக்கு மாலை வகுப்புகள் நடந்தன. ஊர்க்கடையில் நல்ல பொருள் நியாய விலையில் விற்கப்பட்டது. அதன் இலாபம் பள்ளிக்குப் பயன்பட்டது. பிற்காலக் கூட்டுறவு இயக்கத்துக்கு இக்கடை ஒரு முன்மாதிரி ஆனது.

ஓவனின் முயற்சியும் சேர்ந்து 1819-இல் பருத்தி ஆலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் பிரித்தானியச் சட்டம் வந்தது.

எனினும் இவ்வூரில் முடிவெடுக்கும் உரிமை ஆலை உரிமையாளர்களிடமே இருந்தது. அக்கால ஆலைகளுக்கு வந்த பருத்தியில் பெரும்பங்கு அமெரிக்கக் கண்டத்து அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதையும் மறக்கலாகாது.

பிற்காலம்

1825-இல் ஓவன் விலகினார். ஆலைகள் 1968 வரை இயங்கின. பின்னர் பாழடைந்த கட்டடங்களை ஓர் அறக்கட்டளை சீரமைத்தது. 2001-இல் யுனெசுகோ இவ்வூரை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இன்றும் பழைய வரிசை வீடுகளில் மக்கள் குடியிருக்கின்றனர். ஓவன் திறந்த கல்விக்கூடமும் அப்படியே நிற்கிறது.