கட்டு பிரிச்ச பிறகும் கை எரியுதா? ‘சி.ஆர்.பி.எஸ்’ வலிக்கு பிசியோதெரபி ஏன் அவசியம்?

மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டு, பிரித்தும் ஆகிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது. ஆனால் சட்டைத் துணி உரசினாலே கை தீப்பட்டது போல எரிகிறது. “எலும்புதான் கூடிடுச்சே, இன்னும் என்ன வலி?” என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்த வலி நிஜம். இதற்கு காம்ப்ளக்ஸ் ரீஜினல் பெயின் சிண்ட்ரோம், சுருக்கமாக சி.ஆர்.பி.எஸ் என்று பெயர்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எலும்பு முறிவு, சுளுக்கு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை அல்லது காலில் இது வரலாம். ஆண்களைவிட பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. பட்ட அடிக்குப் பொருந்தாத அளவுக்கு வலி இருக்கும்.

* வீக்கம், தோலின் நிறம் மாறுவது
* ஒரு கை சூடாக அல்லது ஜில்லென்று இருப்பது
* அதிகமாக வியர்ப்பது
* நகம், முடி வளர்ச்சியில் மாற்றம்
* விரல்கள் விறைத்துப் போவது

இதை உறுதிசெய்ய தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. அறிகுறிகளை வைத்தே மருத்துவர் முடிவு செய்வார். நோய்த்தொற்று, ரத்தக்கட்டு போன்றவை இல்லை என்பதையும் பார்ப்பார்.

அசைக்காமல் வைத்தால் என்ன?

வலிக்குதேன்னு கையைப் பொத்திப் பொத்தி வைப்பதுதான் இங்கே பெரிய சிக்கல். மூட்டு இறுகும், தசை மெலியும். பயன்படுத்தாத கையை மூளையும் மெல்ல ஓரங்கட்டத் தொடங்கும். இந்த நோயில் நரம்பு மண்டலமே அளவுக்கு மீறி அலாரம் அடிக்கிறது. வலி வந்தாலே புதிதாக ஏதோ உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

பிசியோதெரபியில் என்ன செய்வார்கள்?

தொடு பயிற்சி: முதலில் பஞ்சு, பிறகு பருத்தித் துணி, அப்புறம் சொரசொரப்பான டவல் என்று படிப்படியாகத் தோலைப் பழக்குவார்கள்.

மனப் பயிற்சி: படத்தில் இருப்பது இடது கையா, வலது கையா என்று சொல்ல வேண்டும். அடுத்து, கையை அசைப்பதாக மனதில் மட்டும் நினைக்க வேண்டும். மூன்றாவது படி கண்ணாடி.

கண்ணாடி சிகிச்சை: வலிக்கும் கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைப்பார்கள். கண்ணாடியில் வலிக்கும் கையே சுலபமாக அசைவது போலத் தெரியும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன், கையை இழந்தவர்களின் ‘மாய உறுப்பு’ வலிக்காக 1990-களில் உருவாக்கிய முறை இது.

எடை பயிற்சி: பிரஷ்ஷை அழுத்தித் தேய்ப்பது, சிறிய பையைத் தூக்கி நடப்பது. நேரமும் எடையும் மெதுவாகக் கூட்டப்படும்.

எதைச் செய்யக்கூடாது?

எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவது, விரலைப் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்குவது, ஐஸ் கட்டி வைப்பது ஆகியவை வலியைக் கிளறிவிடும். ஒரே நாளில் எல்லா வேலையும் செய்துவிட்டு, மறுநாள் படுத்துவிடுவதும் பலன் தராது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும்.

எப்போது சரியாகும்?

பலருக்கு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறையும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். மாத்திரைகள், மனநல ஆலோசனை ஆகியவையும் சேர்த்துத் தரப்படும். கட்டு பிரித்த பிறகு எரிச்சலும் வீக்கமும் கூடிக்கொண்டே போனால், தானாகப் போயிடும் என்று காத்திருக்காதீர்கள். எலும்பு மருத்துவரையோ வலி சிகிச்சை மருத்துவரையோ உடனே பாருங்கள்.