நரம்பியல் இயல்பு

நரம்பியல் இயல்பு என்பது, பெரும்பான்மையினர் கவனிக்கும், கற்கும், பேசிப் பழகும் முறையையே மனித மூளையின் சரியான இயக்கமாகக் கொள்ளும் கருத்தாகும். மதியிறுக்கம் (ஆட்டிசம்), கவனக்குறைவு மிகையியக்கம், கற்றல் குறைபாடு முதலியன உடையோர் இவ்வரையறைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர். வரையறைக்குள் இருப்போரைக் குறிக்கும் "நரம்பியல் இயல்பினர்" என்ற சொல் மருத்துவர்கள் ஆக்கியதன்று. 1990களில் மதியிறுக்கமுடையோர் பிறரைச் சுட்ட வழங்கியது. அதுவரை பெரும்பான்மையினருக்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை.

'''பள்ளியும் அளவுகோலும்'''

பிரான்சில் 1882இல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிய ஆல்பிரெட் பினே, தியோடர் சிமோன் ஆகியோர் 1905இல் ஒரு தேர்வை வடிவமைத்தனர். இது உதவி தேவைப்படுவோரை அறியவே உருவாக்கப்பட்டது. லூயிசு டெர்மன் 1916இல் இதனை அமெரிக்காவுக்கு ஏற்பத் திருத்தியபின், மதிப்பெண் பிறவி அறிவின் அளவாகக் கருதப்படலாயிற்று. "மந்தபுத்தியினர்" என வகைப்படுத்தப்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் ஏற்றது.

'''லோவாசு ஆய்வு'''

பள்ளி எவ்வாறு நலத்தின் அளவுகோலாகிறது என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (லாசு ஏஞ்சலசு) ஐவர் லோவாசு 1987இல் வெளியிட்ட ஆய்வாகும். இதில் மதியிறுக்கமுடைய 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் நடத்தைப் பயிற்சி அளிக்கப்பட்டது. உரத்த அதட்டலும் தொடையில் அடித்தலும் பயிற்சியில் இடம்பெற்றன. 9 குழந்தைகள் இயல்புநிலை அடைந்ததாக அறிவிக்கப்பட்டது. இம்முடிவுக்கு அடிப்படை இரண்டு: நுண்ணறிவு ஈவு, வழமையான பள்ளியில் முதல் வகுப்பில் தேறியமை. குழந்தை தன் நிலையை எவ்வாறு உணர்ந்தது என்பது அளக்கப்படவில்லை. மாறாக, வகுப்பறை மாறவேண்டுமா என்ற வினாவும் எழவில்லை.

'''சான்றிதழ்'''

இந்தியாவின் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு குறைபாடுகளையே ஏற்றது. மதியிறுக்கம் அவற்றுள் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மதியிறுக்கம், கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 வகைகளை ஏற்கிறது. ஆயினும் இட ஒதுக்கீட்டிற்குக் குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு சான்றளிக்கப்பட வேண்டும். எனவே உதவி நாடுவோர் முதலில் தம் இயலாமையை நிறுவவேண்டியுள்ளது. சான்றிதழ் இன்றேல் உதவி இல்லை என்பதால் இதனை முற்றிலும் ஒதுக்கவும் இயலாது.

'''மாற்றுக் கருத்துகள்'''

ஜிம் சின்கிளேர் 1993இல், மதியிறுக்கம் குழந்தையிலிருந்து பிரிக்கக்கூடிய ஒன்றன்று எனப் பெற்றோரிடம் வாதிட்டார். வாழ்நாள் முழுதும் பராமரிப்புத் தேவைப்படுவோரின் பெற்றோர் சிலர், இதனை வேறுபாடு என்று மட்டும் கூறுவது தம் பிள்ளைகளின் இன்னலை மறைக்கிறது என்கின்றனர்.