அளவெட்டிச் செம்மண்ணின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில், மல்லாகத்திற்கு மேற்கே அமைந்துள்ள ஊர் அளவெட்டி. நாதசுரத்திற்கும் தவிலுக்கும் பேர்பெற்ற ஊர் அது. கவிஞர் மகாகவி உருத்திரமூர்த்தி பிறந்த ஊரும் அதுவே. இப்புகழையெல்லாம் அறிந்தோர் பலர். ஆயினும், அவ்வூர் மக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிவந்த செம்மண்ணின் வரலாற்றை அறிந்தோர் சிலரே. அந்த மண் செழிப்பானது; ஆனால் ஆழமானதன்று. சில தோட்டங்களில் மண்வெட்டி ஓர் அடி இறங்குமுன்னரே கல்லில் மோதி ஒலிக்கும். பக்கத்துத் தோட்டத்திலோ பல அடி ஆழத்திற்கு மண் இருக்கும். இத்துணை மெல்லிய மண்ணில் வேளாண்மை எவ்வாறு தழைத்தது என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

பாறையின்மேல் மெல்லிய போர்வைபோற் படிந்த மண் உலகில் வேறு பல இடங்களிலும் உண்டு. இந்தியாவின் தக்காணப் பீடபூமி அதற்குத் தக்க சான்று. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் வெடிப்புகளிலிருந்து பொங்கிவழிந்த எரிமலைக் குழம்பு அங்கு அடுக்கடுக்காக உறைந்து கரும்பாறையாயிற்று. அப்பாறை சிதைந்து உண்டான மண், பள்ளங்களில் ஆழ்ந்த கரிசலாகத் திரண்டது. மேடுகளிலும் சரிவுகளிலும் ஓர் அடிக்கும் குறைவாகவே தங்கியது. சகியாத்திரி மலையின் மழை மறைவில் கிடக்கும் அந்த மேட்டு நிலங்களில் மழை குறைவு. பெய்யும் மழையைச் சேமித்துவைக்க மண்ணும் போதாது. மழைக்காலத்தில் முளைத்த புல் வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். ஆதலால் அம்மேடுகளிற் பெரும்பாலானவை மேய்ச்சல் நிலங்களாயின. தங்கர் எனப்படும் இடையர் தம் ஆட்டு மந்தைகளை அங்கே மேய்த்தனர். பள்ளத்து வயல்களில் இரவில் கிடை அமர்த்தி, எருவுக்கு ஈடாகத் தானியம் பெற்றனர்.

இனி யாழ்ப்பாணத்தை நோக்குவோம். இலங்கையில் எரிமலை இல்லை. அளவெட்டியின் அடியிற் கிடப்பது கடல் தந்த சுண்ணக்கல். மயோசீன் என்னும் காலப்பகுதியில், சங்கும் சிப்பியும் பிற கடலுயிர்களும் விட்ட ஓடுகள் படிந்து இறுகியே அக்கல் உண்டாயிற்று. வேலண்டு, டேவிசு என்னும் இரு நிலவியல் அறிஞர் 1923ஆம் ஆண்டில் இப்பாறையைப் பற்றி விரிவாக எழுதினர். மழைநீர் சுண்ணக்கல்லை மெல்ல மெல்லக் கரைக்கும். கரையாத களியும் இரும்புத் துருவும் எஞ்சும். இம்மண்ணின் சிவப்பு அவ்விரும்பின் நிறமே. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும் சுண்ணக்கல்மேல் இத்தகைய மண் உண்டு. இத்தாலியர் அதனைச் ‘செம்மண்’ என்னும் பொருள்பட ‘தெரா ரோசா’ என்பர். 1961ஆம் ஆண்டில் மூர்மன், பானபொக்க ஆகிய அறிஞர்கள் இலங்கை மண்களை வகுத்தபோது, குடாநாட்டுச் செம்மண்ணைச் சுண்ணாம்புச் சார்புடைய தனி வகையாகக் குறித்தனர்.

மெல்லிய மண் என்னும் அளவில் தக்காண மேடும் அளவெட்டியும் ஒன்றே. இரண்டிலும் ஆண்டின் பெரும்பகுதி வறட்சியே. குடாநாட்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாரியிலேயே பெய்து தீர்ந்துவிடும். அப்படியாயின், ஒன்று மேய்ச்சல் நிலமாகவும் மற்றொன்று தோட்ட நிலமாகவும் ஆனது ஏன்? விடை மண்ணுக்குக் கீழே இருக்கிறது. கரும்பாறை இறுக்கமானது, வெடிப்புகளிலன்றி நீரை ஏற்பதில்லை. சுண்ணக்கல்லோ துளைகளும் பொந்துகளும் நிறைந்தது. செம்மண்ணின் வழியே விரைந்திறங்கும் மாரி நீரை அது தன்னுள் வாங்கிக்கொள்கிறது. பருவகாலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர வலிகாமத்தில் ஆறு இல்லை. ஆயினும் கிணறு வெட்டிய இடமெல்லாம் நீர் கிடைத்தது. அளவெட்டிக்கு அணித்தேயுள்ள கந்தரோடையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட குடியிருப்பின் சான்றுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. நீரும் மண்ணும் ஒருங்கே வாய்த்த இடத்தையே முன்னோர் தேர்ந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

நீர் இருந்தது, ஆனால் மண் போதவில்லை. குறையை மனித உழைப்பு நிரப்பிற்று. பாறை தலைகாட்டிய இடங்களில் அலவாங்கு கொண்டு கல்லைப் பிளந்தனர். பிளந்த கல்லை எல்லையில் மதிலாக அடுக்கினர். வேறிடத்து மண்ணைச் சுமந்துவந்து பள்ளத்தை நிரப்பினர். பூவரசங் குழையையும் பனையோலையையும் மண்ணிற் புதைத்தனர். அறுவடை முடிந்த நிலத்தில் மாட்டையும் ஆட்டையும் பட்டியடைத்தனர். தக்காணத்து இடையன் அறிந்த உண்மையை யாழ்ப்பாணத்துக் கமக்காரனும் அறிந்திருந்தான்: மெல்லிய மண் தானாக வளம் பெறாது, ஆண்டுதோறும் அதற்கு ஊட்ட வேண்டும்.

இம்மண் நீரை நெடுநாள் வைத்திருப்பதில்லை. ஆகவே சில நாட்களுக்கு ஒருமுறை இறைத்தாக வேண்டும். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் கிணற்று வாயில் நின்று பட்டையைக் கவிழ்க்க, மூன்றாமவர் பாத்தி பாத்தியாக நீரைத் திருப்ப, விடியுமுன்னரே இறைப்புத் தொடங்கும். இந்த உழைப்பிற் பெரும்பங்கு தமக்கென நிலமில்லாத மக்களுடையது. 1844ஆம் ஆண்டில் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் சாதிக் கட்டுப்பாட்டின்கீழ் அவர்கள் நெடுங்காலம் பிறர் தோட்டங்களில் உழைத்தனர். மண்ணை வளமாக்கிய கைகளுக்கு அம்மண் உரிமையாகவில்லை என்பதையும் இவ்வரலாறு மறைத்தல் ஆகாது.

இவ்வாறு ஆக்கிய மண்ணில் விளைந்த புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. 1859ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றிய தம் நூலை வெளியிட்ட எமர்சன் தெனென்று, யாழ்ப்பாணத்துக் கிணறுகளையும் தோட்டச் செய்கையையும் வியந்து எழுதினார். 1950களுக்குப் பின்னர் துலாவின் இடத்தை மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரம் கைப்பற்றியது. 1970 முதல் 1977 வரை உணவுப்பொருள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வெங்காயமும் மிளகாயும் பெருவருவாய் தந்தன. குழை இட்ட இடத்தில் யூரியா வந்தது. மூவர் நெடுநேரம் இறைத்த நீரை இயந்திரம் சிறு பொழுதில் இறைத்துத் தள்ளியது.

மண்ணின் மென்மை அப்போது தன் மறுபக்கத்தைக் காட்டியது. மழையை விரைந்து இறங்கவிடும் மண், உரத்தையும் அவ்வாறே இறங்கவிடும். 1980களில் நடந்த ஆய்வுகள், குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு மிகுந்திருப்பதைக் காட்டின. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனை மிஞ்சிய நீர் கைக்குழந்தைகளுக்குக் கேடு விளைப்பது. மற்றொரு தொல்லையும் உண்டு. குடாநாட்டின் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது அறிஞர் கண்ட கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உவர் அத்தனை அடி ஏறும் என்பதே அதன் பொருள். மிகுதியாக இறைப்பவன் தன் கிணற்றுக்குத் தானே உப்பை அழைக்கிறான்.

பின்னர் போர் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பொருளாதாரத் தடையால் எரிபொருளும் யூரியாவும் அரிதாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மறு ஆண்டில் மக்கள் திரும்பத் தொடங்கினர். உயர் பாதுகாப்பு வலயத்துட் சிக்கிய வடபகுதித் தோட்டங்களோ இருபது ஆண்டுகளுக்கு மேல் பற்றை மண்டிக் கிடந்தன. போருக்குப் பின் அயலூரான சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய்க் கழிவு கலந்தது. அவ்வழக்கில் 2019ஆம் ஆண்டில் இலங்கை உயர் நீதிமன்றம் மக்களுக்கு இழப்பீடு வழங்கப் பணித்தது. மேலே சிந்துவது எதுவாயினும் கீழே குடிநீரிற் சேரும் என்னும் உண்மை நீதிமன்றம் வரை சென்றது.

ஆழ்ந்த மண் பல பிழைகளைப் பொறுக்கும். மெல்லிய மண் பொறுக்காது. தக்காணத்து மேடுகளில் அளவுக்கு மிஞ்சி மேய்த்தால் புல்லும் மண்ணும் மழையோடு போய்விடும். அளவெட்டியில் அளவுக்கு மிஞ்சி உரமிட்டாலும் இறைத்தாலும், மண் இருந்த இடத்திலேயே இருக்கும், கெடுவது நீர். அந்நீரே தோட்டத்துக்கும் பாய்வது. வீட்டுக் குடத்திலும் நிறைவது. பழைய கமக்காரன் குழையும் எருவும் இட்டது வேறு உரம் கிடையாமையால் இருக்கலாம். ஆயினும் அது அம்மண்ணின் இயல்புக்கு இசைந்த முறை. தாவர எரு நீரைப் பிடித்துவைக்கும். உரத்தை மெல்ல விடுவிக்கும். ஓர் அடி மண்ணை நம்பி வாழும் ஊர், அந்த ஓர் அடிக்கு மேலே செய்வதை எல்லாம் எண்ணிச் செய்தல் வேண்டும்.